பதிமுகச் சிவப்பும் ஒரு குப்பி நீலமும்

என் வீட்டுக்காரர் கோலப்பனைக் கல்யாண வீட்டுப் பந்தியில் யாரும் பரிமாற விடமாட்டார்கள். நகக்கண்ணில் ஊதா, உள்ளங்கையில் ரோஸ், எத்தனை தேய்த்தாலும் போகாது. "அண்ணாச்சி, நீங்க இரியுங்க, நாங்க பாத்துக்கிடுதோம்" என்று கையிலிருக்கும் சாம்பார் வாளியை வாங்கிக்கொள்வார்கள். அவருக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வருவார். வருத்தப்பட்டதெல்லாம் நான்தான். திருவனந்தபுரத்தில் சர்க்கார் உத்தியோகம் என்று சொல்லித்தான் சுசீந்திரத்துப் பக்கத்திலிருந்து என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். வந்து பார்த்தால் மனுஷன் பெரிய ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து, வெட்டி எடுத்த சதைக்குச் சாயம் முக்கிக்கொண்டிருக்கிறார். அதுதான் உத்தியோகமாம்!

கொஞ்ச காலம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தனம் நடத்தினேன். அப்புறம் அவர் சொல்லச் சொல்ல எனக்கே அதில் ருசி தட்டிவிட்டது. நோயாளியின் உடம்பிலிருந்து டாக்டர்கள் ஒரு சின்னத் துண்டை வெட்டி அனுப்புவார்கள். இவர் அதை மெழுகில் புதைத்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, முட்டையின் வெள்ளைக்கரு தடவிய கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுவார். சைவக் குடும்பத்து மனுஷன் தினமும் முட்டை உடைக்கிறார் என்று என் மாமியாருக்குக் கடைசிவரை தெரியாது. அந்தச் சீவலுக்கு நிறமென்று ஒன்று கிடையாது. அப்படியே மைக்ராஸ்கோப்பில் வைத்தால் எதுவும் பிடிபடாது. அதனால் இரண்டு சாயம். முதல் சாயம் உயிரணுக்களின் நடுவில் இருக்கும் கருவில் மட்டும் ஊதாவாக ஏறும். மிச்ச இடத்துக்கெல்லாம் வேறு நிறத்தில் இரண்டாவது சாயம், சாதாரணமாக ரோஸ். இந்த இரண்டாவதுக்கு எதிர்ச்சாயம் என்று பெயர் சொல்வார்.

"எதிர்ச்சாயம் சும்மா அழகுக்கில்லளா. அது முதல் சாயத்தெ எடுத்துக் காட்டணும். அமுக்கிரப்பிடாது" என்பார்.

சாலைக் கம்போளத்துக் கடைத்தெருவில் சேலை எடுக்கப் போனாலும் இதே பேச்சுதான். கத்தரிப்பூ நிறத்து உடலுக்கு இளம் ரோஸ் கரை. என் பெட்டியைத் திறந்தால் அவருடைய ஸ்லைடுப் பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கும். ஒரு சிவப்புச் சேலை எடுத்துக் கேட்டால், "அதுக்கு எதிர்ச்சாயம் கிட்டாதுல்லா" என்று துணிக்கடைக்காரர் முன்னாலேயே சொல்லி என் மானத்தை வாங்குவார்.

யுத்தம் வந்தது. அரிசி போயிற்று, மண்ணெண்ணெய் போயிற்று. இவருடைய ஊதாவும் போயிற்று. அது எங்கோ கடலுக்கு அந்தப்பக்கம் ஒரு மரத்தின் கட்டையிலிருந்து எடுக்கிற சாயம். பெயரைச் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளும். கப்பல் வராமல் கடைசிக் குப்பியும் அடி தட்டியபோது இவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். நான் வழக்கம்போல ஒரு டம்ளர் வெள்ளத்தைக் கொண்டுவந்து வைத்தேன். குடிக்கிற தண்ணீரை நாங்கள் வெள்ளம் என்றுதான் சொல்வோம், எங்கள் ஊர்ப்பக்கம் சீரகம் போட்டுக் காய்ச்சுவோம். திருவனந்தபுரத்துக்கு வந்தபின் இங்குள்ளவர்களைப் பார்த்துப் பதிமுகம் போட்டுக் காய்ச்சப் பழகியிருந்தேன். மருந்துக் கடையில் கிடைக்கிற மரச்சீவல்தான். நாலு போட்டால் பானை வெள்ளம் முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும்.

டம்ளரை எடுத்தவர் குடிக்கவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எளா மங்கலம், இதும் மரக்கட்டைச் சாயமாக்கும்!"

அவ்வளவுதான். என் அடுக்களை போயிற்று. பதிமுகத்தைக் கொட்டிக் கொட்டிக் காய்ச்சினார். படிகாரம் கலந்தார். குப்பி குப்பியாக ஊற்றி முற்றத்து மதிலில் வெயில் காய வைத்தார், வெயில் பட்டால்தான் சாயம் பழுக்குமாம். குடிக்க வெள்ளம் காய்ச்ச நான் அவரிடம் கெஞ்சவேண்டியதாயிற்று. ஆனால் சாயம் பிடித்தது. ஊதாவுக்குப் பதிலாகக் கருவெல்லாம் நல்ல சிவப்பாக வந்தது.

அப்போது இன்னொரு தலைவலி. சிவப்புக்கு மேல் பழைய ரோஸைப் போட்டால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். வேறு எதிர்ச்சாயம் வேண்டும். ஆஸ்பத்திரி அலமாரியில் ஒரு பச்சைச் சாயம் இருந்தது. போட்டுப் பார்த்தார். அன்று சாயங்காலம் வந்தவர் குளிக்காமல்கூட என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "நம்ம முத்தத்துல இலைக்கு நடுவுல செக்கச்செவேல்னு தெச்சிப்பூ பூத்து நிக்கும்லா? அப்பிடியாக்கும் இருக்கு!"

"உங்க டாக்டர் என்ன சொன்னாரு?"

"கொஞ்சம் மங்கல்னு சொன்னாரு. யுத்தச் சாயம்லா, அவருக்குப் பழக வேண்டாமா?"

அவருடைய டாக்டர் என்றால் நாகேஸ்வரன். ஸ்லைடைப் பார்த்து இன்ன வியாதி என்று எழுதிக்கொடுக்கிறவர் அவர்தான். வலியசாலை அக்ரகாரத்துப் பிள்ளை, என் வீட்டுக்காரரைவிட இளையவர், பழகுவதற்குத் தங்கமான மனுஷன். சைக்கிளில் வீட்டுக்குப் போகிற வழியில் எங்கள் முற்றத்தில் இறங்கி மதிலில் காயும் குப்பிகளை விசாரித்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் வெள்ளம் வாங்கிக் குடிப்பார். அவர் அம்மாவுக்குத் தெரிந்தால் வீட்டில் பெரிய ரகளை நடக்கும், அவர் அதையெல்லாம் பார்க்கிறவர் இல்லை. முதல் தடவை வந்தபோது கண்ணாடி டம்ளரில் பதிமுக வெள்ளத்தைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "காய்ச்சின ஜலம் இல்லையா? பரவாயில்லை, பச்சை ஜலமே போரும்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. விறகு விற்கிற விலையில் காய்ச்சி ஆற்றிக் கொடுத்தால் பச்சை ஜலமாம்! படித்தவர் ஏதோ கிண்டல் செய்கிறார் என்று நினைத்து உள்ளே வந்துவிட்டேன்.

இதற்கு நடுவில்தான் என் இடது மார்பில் கட்டி வந்தது. புளியங்கொட்டை அளவுதான், வலியில்லை. வெட்கத்தில் மறைத்தேன். குளிக்கும்போதெல்லாம் கை அங்கேயே போகும். எங்கள் பெண் விஜயம் அப்போது இடுப்பை விட்டு இறங்காத குழந்தை. ஒருநாள் அவள் தலை அந்த இடத்தில் இடித்தபோது அவளை அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். இவர் என்ன ஏதென்று கேட்டுப் பதறிப்போய் மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். லேடி டாக்டர் ரத்னாபாய் தொட்டுப் பார்த்தார்.

"ஒரு துண்டு எடுத்துப் பாத்திருவோம் மங்கலம். சாதாரணக் கட்டின்னா கிடந்துட்டுப் போகட்டும். கெட்டதுன்னா மார்பை முழுசா எடுக்கணும், தாமசிக்கப்பிடாது. நாகேஸ்வரன் பாத்துச் சொன்னாப் போரும்."

ஆக, என் சதை என் வீட்டுக்காரர் கைக்கே போயிற்று. வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாராம். அவரே மெழுகில் வைத்து, அவரே சீவி, பதிமுகச் சிவப்பு போட்டு, பச்சை போட்டு, டாக்டர் மேஜையில் வைத்தார்.

"சாதாரணக் கட்டிதான். கவலையே படவேண்டாம்னு சொல்லுங்கோ" என்றார் டாக்டர் நாகேஸ்வரன். இதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். பால்பாயசம் வைத்தேன். இவர் இரண்டு டம்ளர் குடித்தார். சீனியில்லாத காலத்தில் கருப்பட்டி போட்டு வைத்த பாயசம் அது, ஆனாலும் அப்படி ஒரு பாயசத்தை நான் அப்புறம் குடித்ததில்லை.

சில நாள் கழித்து டாக்டர் வந்தார். என் வீட்டுக்காரர் இன்னும் வீடு வந்திருக்கவில்லை. டாக்டர் குப்பிகளைப் பார்த்தார், விஜயத்தின் கன்னத்தைத் தட்டினார். எங்கள் தெச்சிச் செடிக்குப் பக்கத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுச் சொன்னார்:

"அம்மா பூஜைக்குத் தெச்சிப்பூ கேக்கறா. உங்காத்துச் செடி பூத்தாச் சொல்லி அனுப்பறேளா?"

நான் செடியைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். செடி நிறையப் பூ! இலை தெரியாமல் கொத்துக் கொத்தாகச் சிவந்து நிற்கிறது, டாக்டர் அதில் கையை வைத்துக்கொண்டே பூத்தால் சொல்லு என்கிறார். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தால் கிண்டல் இல்லை. ஒரு கொத்தை ஒடித்து அவர் கையில் வைத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரலால் தடவி, "ஓ, பூத்திருக்கா? நான் கவனிக்கல்லே" என்று சிரித்தார். அந்தப் பச்சை ஜலப் பேச்சு அப்போது எனக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது.

அவர் போன பிறகும் நான் செடியருகிலேயே நின்றேன். இலைக்கு நடுவில் தெச்சிப்பூ மாதிரி இருக்கிறது என்றுதானே என் வீட்டுக்காரர் அந்த ஸ்லைடைச் சொன்னார்? சிவப்பும் பச்சையும். டாக்டருக்கோ இலைக்கும் பூவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்படியானால் என் சதையில் அவர் எதைப் பார்த்துக் கவலையில்லை என்றார்? தெய்வமே!

ஒளிக்காமல் சொல்கிறேன், வாயைத் திறக்கவேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. நல்ல வார்த்தை சொல்லியாயிற்று, தேங்காய் உடைத்தாயிற்று, பாயசமும் குடித்தாயிற்று. திரும்பப் பார்க்கச் சொல்லிக் கெட்ட வார்த்தை வந்தால்? எதற்கு நாமே போய் விலைக்கு வாங்கவேண்டும்? அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது, மனசு ஒரு நிலையில் இல்லை. விஜயம் வந்து காலைக் கட்டிக்கொண்டாள். இவளை வளர்த்து ஆளாக்க நான் இருக்கவேண்டாமா என்ற எண்ணம் வந்ததும் பயமெல்லாம் கோபமாக மாறிவிட்டது. இவர் வந்து கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோதே போய்ச் சொல்லிவிட்டேன்.

"உங்க டாக்டருக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணு போலத்தான் தெரியுது. பூ நெறைஞ்ச செடியப் பாத்துப் பூக்கலியான்னு கேக்காரு."

"என்னளா சொல்லுக?"

வெள்ளக் கதையையும் பூக்கதையையும் சொன்னேன். அவர் துவைகல்லில் உட்கார்ந்துவிட்டார். "மங்கல்னு சொன்னாரு... ஒவ்வொரு தடவையும் மங்கல்னுதான் சொன்னாரு. நான் சாயத்தெ ஏத்தி ஏத்திப் போட்டேன். பழைய ஊதாவுலயும் ரோஸுலயும் ஒரு கொழப்பமும் வந்ததில்லயே. பச்சையெ எடுத்தது நானாக்கும், மங்கலம். நானாக்கும்." பெரிய ஆம்பிளை, கையில் சோப்பு நுரையோடு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"அழுதாச் சரியாயிருமா? என்ன செய்யணும்னு சொல்லுங்க."

மேலே சொன்னால் டாக்டரின் வேலை போய்விடும். கைம்பெண்ணான அம்மாவும் கல்யாணமாகாத தங்கையும் அவர் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள். அவரிடமே நேரில் சொல்லலாம் என்றால், உமக்குக் கண் தெரியாது என்று ஒரு சாயக்காரன் எப்படிச் சொல்வது? ஒருவர் சோற்றில் மண்ணை அள்ளிப் போட எனக்கும் மனசில்லை. அதற்காக என் உயிரைத் தூக்கிக் கொடுக்கவும் மனசில்லை. இதையும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த நுரையைக் கழுவினார். "கண்ணெ மாத்த முடியாது. எதிர்ச்சாயத்தெ மாத்தலாம்லா" என்று எழுந்தார்.

ஆஸ்பத்திரியில் பின்பக்க அலமாரியில் யாரும் தொடாத ஒரு குப்பி நீலம் கிடந்தது. உயிரணுக்களுக்கு நடுவே ஓடுகிற நாரில் அது நன்றாகப் பிடிக்குமாம். டாக்டர் ஊதாவையும் ரோஸையும் ஒருநாளும் குழப்பியதில்லை என்பதால், சிவப்பும் நீலமும் அவருக்குத் தனித்தனியாகத் தெரியும் என்பது இவர் கணக்கு. ஒரு பழைய சதைத் துண்டில் போட்டுப் பார்த்துவிட்டு டாக்டரிடம் போய் நின்றார். "பச்சை எனக்குத் திருப்தியா ஏறல்ல டாக்டரே. பச்சை போட்ட அம்புட்டு துண்டுக்கும் மெழுகுக் கட்டி இருக்கு. மறுபடி சீவி நீலம் போட்டுத் தாறேன், ஒருக்கா நீங்க பாக்கணும்."

"அத்தனையுமா? ஓய், பைத்தியமா உமக்கு?" என்று டாக்டர் சிரித்தாராம். சிரித்தாலும் சம்மதித்துவிட்டார். என்னுடையதை மட்டும் செய்தால் போதாதா என்று நான் கேட்டதற்கு, "ஒனக்குள்ள பயம் மத்தவங்களுக்கும் உண்டும்லா?" என்றார் இவர்.

நீல ஸ்லைடு முதலில் ஒன்றை வைத்ததும், "அடடா, இதை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தீர்! எல்லாம் எத்தனை தெளிவா நிக்கறது!" என்று டாக்டர் குழந்தைபோலக் குதூகலப்பட்டாராம். ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் முன்பு சொன்னபடியே இருந்தன. அப்புறம் ஒன்றை வைத்தார். எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தார். நாருக்கு நடுவே, இருக்கக் கூடாத இடத்திலெல்லாம், சிவப்புக் கருக்கள் வரிசை வரிசையாக ஊர்ந்து போயிருந்தன. பச்சையில் அவர் கண்ணுக்கு அகப்படாதவை.

"இது யாரோடது?"

என் வீட்டுக்காரர் என் பெயரைச் சொன்னாராம். மாறினது என்னுடையது ஒன்றுதான். பாவம் செய்தவர்கள் ஊரில் எத்தனை பேர் இருக்க, என் தலையில்தான் எழுதியிருந்தது பாருங்கள்!

இருவருமாக வீட்டுக்கு வந்தார்கள். டாக்டர் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால், இவர் பின்னால். இவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் முற்றத்திலேயே நின்று, "நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. உடனே எடுத்துடணும். இப்போ எடுத்தாப் பிழைச்சுக்கலாம்" என்றார். ஏன் தப்பாயிற்று என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று அவருக்கு வெள்ளம் கொடுக்கவும் இல்லை.

ரத்னாபாய் டாக்டர் எடுத்துவிட்டார். புண் ஆறியது. மனசு ஆறவில்லை. கண்ணாடி முன்னால் நிற்கமாட்டேன். ரவிக்கை ஒரு பக்கம் தொங்கும்போது ஆத்திரம் ஆத்திரமாக வரும். கண் தெரியாத டாக்டர்மேல் கோபம், பச்சையை எடுத்த இவர்மேல் கோபம், அந்தத் தெச்சிச் செடியைப் பார்த்தால்கூடக் கோபம். இவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. சோறு பொங்கினார், புண்ணுக்குக் கட்டு மாற்றினார், விஜயத்துக்குத் தலை பின்னிவிட்டார், கோணலும் மாணலுமாக. ஒருநாள் சிவப்பு உடலில் நீலக்கரை போட்ட சேலை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். அத்தனை வருஷத்தில் எனக்கு எடுத்த முதல் சிவப்புச் சேலை. தூக்கி எறிந்தேன். அவர் அதை எடுத்து மடித்து வைத்தார். ஓணத்துக்கு நானே அதை எடுத்து உடுத்திக்கொண்டு வந்தபோது மனுஷன் கண் கலங்கிப் போய், "இதாக்கும் எதிர்ச்சாயம்" என்றார். சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய?

டாக்டர் அதற்கப்புறம் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை. வேறு வழியாகச் சுற்றிப் போகிறார் என்று இவர் சொன்னார். ஓணம் கழிந்து ஒரு மாலையில் சைக்கிள் மணி கேட்டது. வாசலில் நின்று, "கொஞ்சம் ஜலம் தரேளா?" என்றார். ஆள் மெலிந்திருந்தார். கண்ணாடி டம்ளரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"எனக்கு இது வெறும் ஜலமாத்தான் தெரியறது. சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான். ஊதாவும் ரோஸும் நன்னாத் தெரிஞ்சுதா, அதனால பெரிசா எடுத்துக்கல்லே. நீலத்துல உங்க ஸ்லைடைப் பாத்தப்பறம் பச்சை போட்டதை எடுத்து வெச்சுப் பாத்தேன். அப்பவும் தெரியல்லே. அப்போதான் எனக்கே புரிஞ்சுது." டம்ளரை இறக்கிப் பிடித்தார். "ரத்னாபாய்கிட்டயும் மேல இருக்கறவாகிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். வேலையை விட்டுடறேன்னேன். வேண்டாம், சந்தேகம் வந்தா இன்னொருத்தரையும் கூட்டிப் பாருங்கோன்னுட்டா. கோலப்பன் சொல்ற எதிர்ச்சாயம் இல்லாம இனிமே நான் பாக்கமாட்டேன்." பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்லையா?" என்று கேட்டார்.

"தெரியும்."

"என் மேல கோபம் இல்லையா?"

"இருக்கு டாக்டரே. நல்லா இருக்கு. வெள்ளத்தெக் குடியுங்க."

அவர் குடிக்கவில்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டே, சின்னப்பிள்ளை கேட்கிற மாதிரி, "சிவப்பா இருக்கா?" என்றார்.

"நல்ல சிவப்பு."

அதைக் கேட்டதும் அவர் அழுதுவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. உள்ளேயிருந்து வந்த இவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, குப்பிகளைச் சரிசெய்கிற சாக்கில் மதில் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

யுத்தம் முடிந்து கப்பல் வந்தது, பழைய ஊதாவும் வந்தது. இவர் விரல்கள் மறுபடி பழைய நிறத்துக்கே திரும்பிவிட்டன, பந்தியில் இன்னும் யாரும் பரிமாற விடுவதில்லை. விஜயம் பள்ளிக்கூடம் போகிறாள். நான் இருக்கிறேன். டாக்டர் வந்தால் டம்ளரை வைக்கும்போதே அன்றைய வெள்ளம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவேன்.